கூடுதலாகத் தெரிந்த வானம்

வீடியோவில் வானம் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

முதல் நாள் அவளுக்குப் பட்டது அவ்வளவுதான். பயப்பட அதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் சேர்க்கிற வேலை அவளுக்கு. போன மாதம், பின்னால் மகள் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு தண்ணீர் லாரி கைப்பிடிக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனதிலிருந்து, பைக்குக்கு ஒரு கேமரா வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. யாரோ வைத்திருந்து விற்ற ஒன்றை வாங்கிக் கைப்பிடியின் நடுவில் மாட்டினாள். தீப்பெட்டி அகலத் திரையில் ரோடு தெரியும். ஓடுகிற வழியெல்லாம் ஒரு நிமிடத் துண்டுகளாகப் பதிவாகும்.

மத்தியானம். ராத்திரி முழுக்க பேக்கரியில் அடுப்படியில் நின்றுவிட்டு வந்த கணவன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். பிரிட்ஜ் முனகுவதும், குழாய் சொட்டுவதும், ஊறப்போட்ட பாத்திரத்திலிருந்து எழும் புளித்த வாடையுமாக இருந்த சமையலறையில், அவள் பதிவுகளைப் போனுக்கு மாற்றி ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். துளிச் சத்தம் இல்லை. ஒவ்வொரு பயணத்திலும் எங்காவது ஓரிடத்தில் படம் நாலு நொடி அப்படியே உறைந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் நகர்ந்தது. ரோடு திரையின் அடியில் ஒதுங்கிக் கிடக்க, மீதியெல்லாம் வானம். கணவனைப் பின்னால் ஏற்றினால்தான் முன்பக்கம் அப்படித் தூக்கிக்கொள்ளும். மகள் பதினெட்டு கிலோ. அவள் ஏறினால் ஸ்பிரிங் அமுங்குவதுகூடத் தெரியாது.

மறுநாள் கேமராவைக் கழற்றாமல் பைக்கோடு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரரை எல்லாரும் ஸ்க்ரூ அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில் எப்போதும் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டு, அதற்கு நடுவிலேயே பேசுவார்.

"செகண்ட் ஹேண்ட்னா கொஞ்சம் மக்கர் பண்ணத்தாம்மா செய்யும். பத்து வருஷமான புருஷன் மாதிரி."

"புருஷன் பேசவாவது செய்வாருண்ணே. இது வாயே திறக்க மாட்டேங்குது."

அவர் சிரித்துக்கொண்டே கேமராவைத் திருப்பினார். சிரிப்பு நின்றது.

"வாயைப் பொத்தியிருக்காங்கம்மா. பாருங்க."

மைக்குக்கான ஊசித்துளையின் மேல் கறுப்பு டேப், மூன்று மடிப்பு. அதன்மேல் பசை. பசையின்மேல் கட்டைவிரலை அழுத்தி அழுத்தித் தேய்த்த ரேகை, அப்படியே காய்ந்துபோயிருந்தது. காற்றுச் சத்தம் பிடிக்காத ஆளாக இருக்கும் என்று சொல்லி, அவர் இடுக்கியால் உரித்து, துளையைச் சுத்தம் செய்தார். வானம் தெரியாதபடி கேமராவைக் கீழே சாய்த்து முடுக்கினார். 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று சொல்லிப் பதிவுசெய்து அவள் போனில் திருப்பிப் போட்டுக் காட்டினார். கேட்கவில்லை.

"கேமரா நல்லாருக்கும்மா. உங்க போன்லதான் சவுண்டு ஜீரோல கிடக்கு."

அது அவளே வைத்தது. லேப் ஆப்பில் வழி சொல்லும் பெண் ஒருத்தி இருந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும், வேலை முடிந்தபின் சொந்த வீட்டுக்கும், கேட்காமலே வழி சொல்லுவாள். "இந்த வீட்டுல வழி சொல்ல ஒருத்தி போதும்" என்று கணவன் கிண்டலடித்த நாளிலிருந்து அவளை ஊமையாக்கி வைத்திருந்தாள். அன்றிலிருந்து பதிவைக் கேட்கும்போது மட்டும் ஒலியைக் கூட்டுவாள். கேட்டு முடித்ததும் மறக்காமல் இறக்கிவிடுவாள்.

அடுத்த நாள் பதிவில் சத்தம் வந்தது. காற்று, ஹாரன், செயின் உரசல், பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் மகள் கேட்கிற ஒரே கேள்வி.

"வந்துடுச்சாம்மா?"

"இன்னும் இல்ல கண்ணு."

கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் தனியாகப் போகும் துண்டைப் போட்டாள். ரோடு. ஹெல்மெட்டுக்குள் தானே முணுமுணுத்த பாட்டு. பிறகு படம் உறைந்தது. ஒலி மட்டும் ஓடியது.

"வந்துடுச்சா?"

மகளின் குரல் இல்லை. பெரிய ஆளின் குரல். நெடுநாளாகத் தண்ணீரே படாத தொண்டையிலிருந்து, மைக்குக்கு வெகு அருகில். படம் நகர்ந்தது. பதிவிலிருந்த அவள், எதுவுமே காதில் விழாதவளாகப் பாடிக்கொண்டே போனாள். இவ்வளவு முடுக்கிச் சாய்த்த பிறகும், திரையில் முக்கால்வாசி வானம்.

ஸ்க்ரூ அண்ணனுக்குப் போன் போட்டாள். "பழைய ஓனரோட ஃபைல் எதாவது கார்டுல ஒட்டிக்கிட்டிருக்கும்மா, புது கார்டு போடுங்க, சரியாயிடும்" என்றார். சந்தேகமான முடிவு வந்தால் புது டியூபில் மறுபடி எடுப்பதுதான் லேபிலும் வழக்கம். மனசு கொஞ்சம் அடங்கியது. புது கார்டு போட்டாள். ஆனாலும் அன்று பூராவும் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இடது கை தானாகப் பின்னால் போய் சீட்டைத் தடவிப் பார்த்தது. வெயிலில் கிடந்த சீட்டு சுட்டது. கடைசி ஒரு சாண் மட்டும் சில்லென்றிருந்தது.

மறுநாள் மாலை, கடைசி மாதிரியையும் லேபில் கொடுத்துவிட்டுப் பள்ளி வாசலில் மணி அடிக்கக் காத்திருந்தாள். சும்மா இருக்க முடியவில்லை. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். புது கார்டில், முந்தின நாள் மகளோடு வீடு திரும்பிய துண்டு இருந்தது. வாசல் இரைச்சலில் கேட்காது என்று ஒலியை முழுசாக ஏற்றிப் போனைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

காற்று. மகளின் கேள்வி. தன் பதில். அவர்கள் தெரு முனை. படம் உறைந்தது.

"வந்துடுச்சா?"

ஹெல்மெட்டும் காற்றும் மறைத்ததில் நேற்று இது அவள் காதில் விழவே இல்லை. மகள் சொன்னாள், நன்றாகப் பழகியவர்களிடம் பேசுகிற குரலில்.

"இன்னும் இல்ல அங்கிள். பச்சை கேட் வரணும். கேட்டை லேசாத் தூக்கிப் பிடிச்சுத் தள்ளணும், இல்லன்னா கிறீச்சுங்கும். அப்பா தூங்குவாரு."

மணி அடித்தது. பிள்ளைகள் வெள்ளமாக வெளியே வந்தார்கள். அவள் போனைக் கைப்பிடியிலிருந்த தாங்கியில் செருகினாள். மகள் ஓடிவந்து, பையோடு பின்னால் ஏறி, முன்னே நகர்ந்து, அம்மாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். கேமரா மாட்டியதிலிருந்து தினமும் அப்படித்தான் உட்காருவாள். பாசத்தில் ஒட்டிக்கொள்கிறாள் என்று இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள்.

வாசலில் பிள்ளையை வைத்துக்கொண்டு எதைக் கேட்பது? பைக்கைக் கிளப்பினாள். வழியில் ஒரு பெண்குரல் இடது பக்கம் திரும்பச் சொன்னது. காதில் ஏறவில்லை.

தெரு முனை சிக்னலில் சிவப்பு.

"கண்ணு. நேத்து யார்கிட்ட பேசிக்கிட்டு வந்த?"

"பின்னாடி அங்கிள்கிட்ட."

"எந்த அங்கிள்?"

"இருக்காரே, இவருதான். கேட்டுக்கிட்டே இருப்பாரு. இன்னும் இல்லன்னு சொல்லிடுவேன்."

"வீட்டுக்கு வந்தப்புறமும் அப்படியா சொல்ற?"

"ஆமா. நீ 'இறங்கு'ன்னு மட்டும்தானே சொல்வ. வந்துடுச்சுன்னு யாராச்சும் சொன்னாத்தான் இவரு இறங்குவாராம்." மகளின் குரல் தணிந்தது. "நம்ம வீட்டுக்குள்ள வேணாம்மா. இவரு மேல எல்லாம் ஈரமா இருக்கு."

பச்சை விழுந்தது. பின்னால் பத்து ஹாரன். பழகிய கை, யோசிப்பதற்குள் பைக்கைத் தெருவுக்குள் திருப்பிவிட்டது.

நிறுத்தக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. தெருவின் அந்தப் பக்கமாக வெளியே போய்விட வேண்டும். அதற்குப் பிறகு? தெரியவில்லை. போய்க்கொண்டே இருக்க வேண்டும். பெட்ரோல் இருக்கிறது.

காய்கிற துணிகள். ஒரு சைக்கிள். சாக்கடை மூடி. தூரத்தில் பச்சை கேட்.

கழுத்துக்குப் பின்னால் ஈர மண்ணின் வாடை. இந்த முறை பதிவில் இல்லை. ஹெல்மெட்டுக்கு வெளியே, காதை ஒட்டினாற்போல.

"வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல அங்கிள்," என்றாள் மகள். சின்னக் கைகள் அம்மாவின் இடுப்பை இறுக்கின.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பச்சை கேட் நெருங்கியது. பக்கத்தில் வந்தது. உள்ளறை ஜன்னலில் திரை இழுத்து விட்டிருந்தது. அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

தாண்டிவிடலாம். இன்னும் நாலு அடி.

கைப்பிடியில் இருந்த போன், முழுச் சத்தத்தில், தெருவுக்கே கேட்கும்படி, இனிமையாகப் பேசியது.

"உங்கள் வீடு வந்துவிட்டது."

ஸ்பிரிங் எழும்பியது. ஒரே தூக்காக, பெரிய ஆள் ஒருவர் இறங்கினால் எழும்புவதுபோல. தீப்பெட்டித் திரையில் வானம் சரசரவென்று மேலே ஏறி மறைந்து, திரை முழுக்க ரோடானது. பைக் இறகு மாதிரி ஆகிவிட்டது. மகள் இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிரேக்கை மிதித்தாள்.

கண்ணாடியில் தெரிந்தது. வெயில் விழுந்த சிமென்ட் தரையில் ஈரமான காலடி ஒன்று. அதற்கு முன்னால் இன்னொன்று.

"அம்மா," என்றாள் மகள். "அப்பா தூங்குறாரே."

கேட் லேசாக மேலே தூக்கப்பட்டது. தூக்கிப் பிடித்தபடியே உள்ளே தள்ளப்பட்டது. பிறகு, அதே பக்குவத்தோடு, ஒரு கிறீச்சுகூட இல்லாமல், உள்ளே இருந்து மூடிக்கொண்டது.