பேச்சு ஓயக் காத்திருந்த பெட்டி

மூன்றாவது தடவையும் பெட்டி விழித்தெழத் தாமதித்தபோது கலைவாணன் மச்சினன் நாகராஜைத்தான் சந்தேகப்பட்டான்.

வாயால் பேரைச் சொன்னால் தானே போன் போட்டுக் கொடுக்கிற பெட்டி அது. பார்வை மங்கியவர்களுக்காகச் சென்னைக் கம்பெனி ஒன்று செய்துகொண்டிருந்தது. மனைவி வினிதா ஆஸ்பத்திரி வேலைக்குப் போனதும், திருவேட்டக்குடி வீட்டில் மகளைத் தூளியில் ஆட்டிக்கொண்டே கலைவாணன் அந்தக் கம்பெனிக்காக அதைச் சோதிப்பான். மடிக்கணினியின் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடித்துவிட்டால் போதும். அது பெட்டியை அணைக்கும், எழுப்பும், ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு நேரமானது என்று வரிவரியாகக் காட்டும், மறுபடி அணைக்கும். நாம் நிறுத்துகிறவரை அதே வேலைதான். கடைசிப் படி, பெட்டி காது திறப்பது. பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால், பேச்சு ஓயும்வரை காத்திருக்கும். கடலிரைச்சலையும் மின்விசிறியையும் அது சட்டை செய்யாது. மனிதக் குரல் ஒன்றுக்குத்தான் நிற்கும்.

அந்தப் படியில்தான் இப்போது நிற்கிறது.

“டேய், செல்போன்ல யாருகிட்டடா குசுகுசுங்குற?”

மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக வழியில்லாமல் வாசலோரம் பாயில் கிடந்த நாகராஜ் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். “நானா? தூங்கிட்டுக் கெடக்கேன் மச்சான். எங்க லாஞ்சு எஞ்சினே ஒரு திருப்புல கெளம்பிரும். ஒங்க பொட்டி எந்திரிக்க நல்ல நேரம் பாக்குதோ என்னமோ?”

கலைவாணனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைக் கூடத்தில் வைத்துப் பார்த்தான். சட்டென்று எழுந்தது. தூளியருகே வைத்தான். இழுத்தது. மறுபடி கூடம், மறுபடி தூளி. அப்படியேதான். அப்படியானால் இவன்தான் பூனைபோல வந்து, தூளிக்குப் பக்கத்துச் சன்னலில் நின்று எவளிடமோ பேசுகிறான். கேட்டால் தூங்குகிறானாம்.

“பாப்பா தூங்குற எடத்துல என்னடா ஒனக்குப் பேச்சு? போ, கடக்கரையில போய்க் கெட!”

நாகராஜின் முகம் சுண்டிப்போயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டான். “போறேன். அக்கா வந்து கேட்டா நீங்களே சொல்லிக்குங்க.” சைக்கிள் சத்தம் தெருமுனைவரை கேட்டது, பிறகு தேய்ந்துபோனது.

கலைவாணன் கதவைத் தாழிட்டான். உச்சி வெயில் ஓட்டில் சடசடக்க, கருவாட்டு வாடையும் குழந்தையின் தேங்காயெண்ணெய் மணமும் அந்த அறைக்குள் ஒன்றாய்க் கலந்து அசையாமல் தேங்கியிருக்க, பெட்டியைத் தூளியருகே வைத்து மறுபடி கட்டளையைத் தட்டினான். முதல் படி. இரண்டாவது. மூன்றாவது.

நின்றது.

சன்னலை எட்டிப் பார்த்தான். வெளியே வலை காய்ந்துகொண்டிருந்தது. ஆளில்லை.

தூளித் துணியை விலக்கினான். குழந்தை விழித்தே கிடந்தாள். அழவில்லை, ஒரு சத்தமில்லை. மேலே எதையோ பார்த்தபடி கிடந்தாள். அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, கணினியையும் அதோடு கம்பியில் கோத்த பெட்டியையும் இடுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். இவ்வளவு நேரம் பெட்டி சட்டென்று எழுந்த கூடம்.

எழவில்லை.

அடுப்படிக்குப் போனான். எழவில்லை. கொல்லைக் கதவைத் திறந்து வெயிலில் இறங்கினான். எழவில்லை. அப்போதுதான் உறைத்தது. இடத்தில் ஒன்றுமில்லை. குழந்தை போகுமிடமெல்லாம் பேச்சும் கூடவே வருகிறது.

கொல்லையைச் சுற்றிப் பார்த்தான், ஆளில்லை.

“யாரு?” என்றான்.

அவன் குரல் அடங்கியதுமே திரையில் கடைசி வரி விழுந்தது. பெட்டி எழுந்துவிட்டது.

பேச்சு நின்றிருக்கிறது.

கட்டளை மட்டும் ஓயவில்லை. அணைத்தது. எழுப்பியது. ஒரு படி. அடுத்தது. அடுத்தது.

நின்றது.

அவன் தோளுக்குப் பின்னால், அம்மா என்றுகூட இன்னும் சொல்ல வராத குழந்தை, கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவதுபோல நிதானமாகச் சொன்னாள்:

“ம்...”

பெட்டி இன்னும் எழவில்லை.

“ம்...”