அங்க அடையாளம்

நாலு மணி ஆனதும் சர்வர் அறையின் விசிறிகள் மூச்சிரைக்கத் தொடங்கின. சூடேறிய பிளாஸ்டிக்கும் பழைய தூசியும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாக அவள் மேசைவரை வந்து, காலையிலிருந்து திரையையே பார்த்துச் சிவந்துபோன கண்களில் எரிச்சலாக உட்கார்ந்தது. மக்கள் பதிவேட்டு அலுவலகத்தின் டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. பல வருடங்களாகத் தினமும் இதே நேரத்தில் எங்கிருந்தோ ஒரு க்வெரி, யாரையோ தேடித் தரச் சொல்லும் கட்டளை, வந்து எல்லாக் கணினிகளையும் முடக்கிப்போடும். ஐந்து நிமிடத்தில் கால வரம்பு அதை வெட்டும். உடனே மறுபடி வரும்.

“யாரு அனுப்புறாங்கன்னு அப்புறம் பாத்துக்கலாம்மா. மொதல்ல அதை வேகமாக்குங்க. கவுன்ட்டர்ல ஜனங்க கத்துறாங்க,” என்றார் மேலாளர்.

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. தேடல் எந்த வழியில் போகிறது என்று காட்டும் ப்ளானைத் திறந்தாள். தொண்ணூறு லட்சம் பேரை முதல் வரியிலிருந்து ஒவ்வொருவராகப் புரட்டிக்கொண்டிருந்தது அது. தேடிய இடம், அங்க அடையாளம். அதற்கு இண்டெக்ஸே கிடையாது. மச்சத்தை வைத்து யார் ஆளைத் தேடப்போகிறார்கள்?

கொட்டாவியோடு ஒரு வரி அடித்தாள். இண்டெக்ஸ் உருவானது. இனி ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டாம், நேராகப் போய் நிற்கலாம்.

அடுத்து வந்த க்வெரி கண்ணிமைப்பதற்குள் முடிந்தது. விசிறிகள் அடங்கின. ஒரே ஒருவர் கிடைத்திருந்தார்.

அப்போதுதான் எதைத் தேடியது என்று படித்தாள்.

வலது முட்டிக்குக் கீழே, இலை வடிவத் தீத்தழும்பு.

அருகில் பெயர். அவள் மகள். முகவரி. அவள் வீடு.

பழைய பதிவுகளை உருட்டினாள். அந்த க்வெரி முதன்முதலில் வந்தது ஆறு வருடங்களுக்கு முன். குழந்தை காலில் இஸ்திரிப் பெட்டி விழுந்த அன்று.

போனை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“வாண்டு, தனியாவா இருக்கே?”

“ஒருத்தர் வந்திருக்காரும்மா. முட்டியைக் காட்டச் சொன்னாரு. காட்டினேன்.” குழந்தையின் குரல் தாழ்ந்தது. “அழறாரும்மா. வீடு வீடா ஏறி இறங்கிக் கால் ஓஞ்சு போச்சாம். இன்னிக்கு யாரோ வழி காட்டிட்டாங்களாம்.”

“வெளிய ஓடு! பக்கத்து வீட்டு அக்காகிட்டப் போ!”

“முடியலம்மா. காலை விடமாட்டேங்கிறாரு.”

அப்புறம் மூச்சு மட்டும். களைத்த, நீண்ட மூச்சு. குழந்தையுடையது அல்ல.

எதுவோ தரையில் இழுபட்டது.

பிறகு, உள்ளேயிருந்து, தாழ்ப்பாள் விழும் சத்தம்.