அண்ணன் கைக்கு அளவெடுத்தது

ஜாய்ஸ்டிக் குமிழின் தலையில் இருந்த வெள்ளைக் கோடு கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

தம்பி அதைச் சுவரைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் போனான். சத்தியமாகச் சுவரைப் பார்த்துத்தான். விளையாடி முடித்ததும் கோட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது, அண்ணன் இறந்துபோனதிலிருந்து அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. அது தன்னைப் பார்த்தால் அவனுக்குத் தாங்காது. ஏன் தாங்காது என்று சொன்னால்தான், கண்ணுகளா, மிச்சம் புரியும்.

பக்கவாதம் வந்து அண்ணன் படுத்தபோது, அந்த உடம்பில் மிஞ்சியது வலது மணிக்கட்டின் ஒரு திருகல் மட்டும். பேச்சும் 'ம்' என்ற ஒற்றை ஒலியாகச் சுருங்கிவிட்டது. சின்ன வயதில் வீடியோ கேம் கூடத்தில் தன் முறை வந்தால் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பின்னால் நின்று வேடிக்கை பார்த்த மனிதர். "நான் ஒண்ணு செஞ்சு தர்றேன் அண்ணி, மணிக்கட்டைத் திருப்பினாலே போதும், விளையாடலாம்" என்றான் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றைப் பிரித்து, நாலு பக்கமும் சாய மட்டுமே தெரிந்த அதன் தண்டை, நின்ற இடத்திலேயே சுழலும்படி மாற்றினான். அடியில், சுற்றுவதை எண்ணிச் சொல்லும் என்கோடர். தண்டோடு அதுவும் சுற்றி ஒயரை முறுக்கிவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு தகரப் பட்டை. குமிழைத் திருப்பினால் 'க்ளிக்'. திரையில் இருக்கும் வீரனும் அந்தப் பக்கம் திரும்புவான்.

குமிழைத்தான் ஆசையாகச் செய்தான். எபாக்சிப் பசையை மாவாகப் பிசைந்து, மெல்லிய பிளாஸ்டிக் உறை சுற்றி, அண்ணனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடி, இறுகும்வரை தன் கையால் பொத்திக்கொண்டிருந்தான். ஐந்து விரலுக்கும் ஐந்து பள்ளம்; தலையில், திரும்பும் திசை காட்ட ஒரு வெள்ளைக் கோடு. அண்ணன் கண் நிறையப் பார்த்து "ம்" என்றார்.

சரியாக ஓடுகிறதா என்று பார்க்கத்தான் முதலில் உட்கார்ந்தான். ஓடியது. என்னமாய் ஓடியது! ஒரு ஆட்டம், இன்னும் ஒரே ஒரு ஆட்டம். நாளைக்குக் கொடுத்தால் போயிற்று. க்ளிக் சத்தம் கேட்டதும் பக்கத்து அறையிலிருந்து "ம்... ம்..." என்று வரும். அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருவான். லாண்டரி வேலை முடிந்து வரும் அண்ணியிடம், "இன்னைக்கு ரெண்டு ஆட்டம் ஜெயிச்சுட்டார் அண்ணி" என்பான். குரல்கூட நடுங்காது. நாளை நாளை என்றே நாள் ஓடி, அண்ணனும் போய்ச் சேர்ந்தார். விளையாட ஒருமுறைகூட அந்தக் குமிழை அவர் தொடவில்லை.

இப்போது சாயங்கால மழை. கூடத்தில் அண்ணியும் அவள் சிநேகிதியும்.

"என் கொழுந்தன் மாதிரி யாருக்குடி வாய்க்கும்? கடைசி வரைக்கும் அவரை விளையாட வச்சான். வேலை விட்டு வரும்போது வாசல்லயே அந்த க்ளிக் க்ளிக் கேக்கும். அப்பாடான்னு இருக்கும் எனக்கு."

"கொழுந்தனா, குழந்தையா? வீடு முழுக்க ஸ்க்ரூ கிடக்கு, காலைக் குத்துது!"

அண்ணி சிரித்துக்கொண்டே அறை வாசலில் நின்றவனைப் பார்த்தாள். "ஏன் தம்பி, அந்தக் குமிழ் அவர் கைக்குச் சுகமா இருந்துச்சா?"

சொல்லிவிட வேண்டிய இடம் இதுதான். நெஞ்சுக்குள் வந்துவிட்டது, தொண்டைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தான். கூனிக் குறுகினான்.

"இருந்துச்சு அண்ணி. கையை எடுக்கவே மாட்டேன்னார்."

க்ளிக்.

அவன் முதுகுக்குப் பின்னால், அறைக்குள்ளிருந்து.

உள்ளே போனான். தனியாக இருக்கப் பயந்து கதவை ஒருக்களித்தே விட்டான். திரைச்சீலை மூடிய அறையில் ஈரத் துணி வாடை; அதற்கடியில், அண்ணனுக்குத் தேய்த்த தைலத்தின் வாடை, அறை மாறி வந்ததுபோல. மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போயிருந்தது. கோடு கதவை விட்டு நகர்ந்திருந்தது. அவன் மார்பைப் பார்த்தது. இடப்பக்கம் ஒதுங்கினான். க்ளிக். கோடும் ஒதுங்கியது. சுவரோடு சுவராக நகர்ந்துபோய் ஒயரைப் பிடுங்கினான்.

க்ளிக்.

ஒயர் அவன் கையில் இருந்தது.

க்ளிக். க்ளிக்.

வெளியே கேட்டுவிடும். அண்ணி வந்து பார்ப்பாள். கேட்பாள். அந்தப் பயத்தில்தான் குமிழை அழுத்திப் பிடித்தான்.

சூடாக இருந்தது. கல்லாய் இறுகிய பசை, பிசைந்த அன்று இருந்ததுபோல மெத்தென்று இருந்தது. அவன் விரல்கள் பள்ளங்களைத் தேடின. பள்ளங்கள் காலியாக இல்லை.

ஐந்து விரல்கள் அவன் விரல்களின் மேல் மூடிக்கொண்டன. மெதுவாக. அன்று அவன் பொத்தியதுபோலவே.

க்ளிக்.

மணிக்கட்டு திரும்பியது. அவன் திருப்பவில்லை.

க்ளிக். முழங்கை இழுபட்டது. வலி.

"அண்ணி" என்று கத்தினான். "ம்" என்றுதான் வந்தது.

மறுபடி கத்தினான். "ம்... ம்..."

"என்னடி சத்தம் அங்க?" சிநேகிதியின் குரல்.

"என் கொழுந்தன்தான். விளையாட உக்காந்தா உலகமே மறந்துடும் அவனுக்கு. இரு, வர்றேன்."

காலடிச் சத்தம் வந்தது. கதவிடுக்கில் அண்ணியின் விரல்கள் தெரிந்தன. அவன் உயிரை எல்லாம் திரட்டினான்.

"ம்... ம்... ம்..."

அவனுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதே என்று, அவள் உள்ளே பார்க்காமலேயே, மெல்லக் கதவைச் சாத்தினாள்.

இருட்டில் வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. அவன் கை அதற்குமேல் திரும்பாத இடத்தில் நின்றது.

க்ளிக்.