மாற்றிப் பார்க்காத ஒன்று

சந்தின் கடைசியில், மழைநீர் வழிந்து வழிந்து சுவர் கறுத்துப்போன மாடிவீடு அது. அழைப்புமணியை அழுத்தக் கையை உயர்த்துவதற்குள் கதவு திறந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உள்ளே வரச்சொல்லித் தலையசைத்தாள். பேசவில்லை.

வந்தவள் கிட்டார் வாசிப்பவள்; விளம்பரம் பார்த்து ஒரு பழைய பெடல் வாங்க வந்திருந்தாள். கிட்டாருக்கும் ஒலியைப் பெருக்கும் ஆம்புக்கும் நடுவில் மாட்டிக் காலால் அழுத்தினால், வாசித்த சுரத்தை எதிரொலியாகத் திருப்பித் தரும் சின்ன இரும்புப் பெட்டி. அவளுடையது போன ஒத்திகையில் பாதிப் பாட்டில் உயிரை விட்டிருந்தது. இசைக்குழுவை நடத்துபவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலை போன் செய்தபோது அவர் கத்தவில்லை. "இன்னிக்குச் சாயங்காலக் கச்சேரியிலயும் சொதப்பினா வேற ஆளைப் பாத்துக்கறேம்மா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு.

வீட்டுக்குள் சுவரே தெரியவில்லை. கூரையிலிருந்து தரைவரை கம்பளிகள் தொங்கின. ஈரக் கம்பளியின் புழுங்கிய வாடை. அவளுடைய காலடி ஓசை பிறந்த இடத்திலேயே அமுங்கிப்போனது.

மேசைமேல் நீலநிறப் பெடல் ஒன்று இருந்தது. கால்படும் இடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்திருந்தது. அழுத்திப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. கேபிள் சொருகாத பெடலில் எரியாதுதான்.

"யாரு வாசிச்சதுங்க இது?"

அந்தப் பெண் அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். பிறகு உதடு அசைவது மட்டும் தெரியும்படி, காற்றாகச் சொன்னாள்.

"எடுத்துட்டுப் போ."

ஒத்திகை அறை ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. அவளுடைய தம்பி தரையில் வயர்களைப் பரப்பி, நடுவில் சிலந்தி மாதிரி உட்கார்ந்திருந்தான். குழுவில் பேஸ் கிட்டார் அவன்தான். எது பழுதானாலும் அவன் தலையில்தான் விடியும்.

"ஊர்ல இருக்கற ஓட்டை உடைசல் எல்லாம் உன் கண்ணுலதான் படும்போல" என்றான்.

"வாயை மூடிட்டு வேலையப் பாருடா."

கேபிள் சொருகி, அடாப்டரையும் மாட்டினாள். விளக்கு எரியவில்லை. தம்பி அடாப்டரில் அச்சிட்டிருந்த பொடிப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனான். "இதுல பின்னுக்கு நடுவுல பிளஸ். பெடலுக்கு நடுவுல மைனஸ் வேணும். நீயெல்லாம் கிட்டார் வாசிச்சு, நான் பக்கத்துல நின்னு..." வேறு அடாப்டர் மாட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. கூடவே தேனீக்கூட்டம் மாதிரி ஓர் இரைச்சல். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பேட்டரி போட்டான். இரைச்சல் துடைத்தாற்போல் நின்றது.

எதிரொலி ஒரே ஒருமுறை வரும்படி குமிழைத் திருப்பிவைத்தான். அவள் ஒரு தந்தியைத் தட்டினாள்.

சுரம் ஒலித்தது. ஒருமுறை திரும்பி வந்தது. அடங்கியது.

பிறகு இன்னொரு முறை வந்தது.

அது பெட்டி தரும் நகலைப் போல இல்லை. கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் இறங்கி, விரல் இடம் தெரியாமல் நழுவியது போல இருந்தது. சுரத்துக்கு முன்னால் யாரோ மூச்சை உள்ளிழுக்கும் ஓசை.

"குமிழ் கெட்டிருக்கும்" என்றான் தம்பி. அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழுது தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவான். கேபிளை மாற்றினான். மூச்சு, சுரம். கிட்டாரை மாற்றினான். ஆம்பை மாற்றினான். கடைசியில் பெடலையே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கிட்டாரை நேராக ஆம்பில் சொருகினான்.

அவள் தட்டினாள்.

மூச்சு.

சுரம்.

கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் முகத்திலிருந்து கேலி வடிந்துவிட்டது.

"அக்கா, நீ கொஞ்சம் வெளிய போயேன்."

"எதுக்குடா?"

"மாத்திப் பாக்காதது இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

அவள் மாடிப்படியில் போய் நின்றாள். உள்ளே தம்பி தட்டினான். சுத்தமான ஒற்றைச் சுரம். மறுபடி தட்டினான். அப்படியேதான். அவள் திரும்பி வந்து அவன் மடியில் இருந்த கிட்டாரைத் தொட்டாள். தட்டினாள். மூச்சு அவள் காதோரம் கேட்டது.

மறுபடி படிக்குப் போய் உட்கார்ந்து, பெடல் கொடுத்த அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாள். பின்னணியில் ரேடியோ அலறியது.

"சொல்லும்மா" என்றாள் அந்தப் பெண். கணீரென்ற குரல். "கம்பளியெல்லாம் கழட்டிட்டேன். வீடு முழுக்க வெளிச்சம்."

"அது பெடல்ல இல்லைங்க."

"இல்லதான். அந்தச் சத்தத்தை மறைக்கத்தான் எங்க வீட்டுக்காரர் பெடலே வாங்கினாரு. எதிரொலி நிறைய இருந்தா எது எதுன்னு தெரியாதுல்ல. அவருக்கப்புறம் அது என்கிட்ட வந்துச்சு. நான் ஒரு வார்த்தை பேசினாப் போதும்மா, பின்னாலேயே வரும்."

"தெரிஞ்சே குடுத்தீங்களா?"

"நீயாத்தான் தேடி வந்தே."

"அவரு எங்க இப்போ?"

ரேடியோ நின்றது.

"மொதல்ல அது அவருக்குப் பின்னாடிதாம்மா வந்துச்சு" என்றாள். இணைப்பு அறுந்தது.

சாயங்காலம் கச்சேரி அரங்கின் பக்கவாட்டுத் திரைக்குள் நின்றபோது தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "குடுக்கா. உன்னோடதை நான் வாசிக்கறேன். பேஸ் இல்லாட்டி யாரும் செத்துட மாட்டாங்க."

"இன்னிக்கு நீ வாசிச்சா நாளைக்கு என் இடம் இருக்காதுடா."

அவள் மேடைக்குப் போனாள். குனிந்து, பெடலின் எதிரொலிக் குமிழைக் கடைசிவரை திருகினாள். தட்டிய ஒவ்வொரு சுரமும் பத்தாகப் பெருகி அரங்கை நிரப்பியது. அந்த மூச்சு சுரங்களின் கூட்டத்தில் தொலைந்துபோனது. பயம் மெல்லக் கழன்றது. வாழ்நாளில் அவள் அப்படி வாசித்ததில்லை. முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

தனி வாசிப்பின் உச்சத்தில், அடுத்த சுரத்துக்காக விரலைத் தூக்கினாள்.

சுரம் ஒலித்தது.

விரல் இன்னும் காற்றில்தான் இருந்தது.

பிறகுதான், யாரோ காட்டிக்கொடுத்த இடத்துக்குப் போவதுபோல், விரல் தந்தியில் இறங்கியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கைதட்டல் எழுந்தபோது அவள் விரல்கள் ஏற்கனவே கேட்டுவிட்ட கடைசிச் சுரங்களைத் துரத்தி வாசித்துக்கொண்டிருந்தன.

கூட்டம் கலைந்ததும் கேப்டன் மேடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பிரமாதம்மா. ரெண்டு பேர் வாசிச்ச மாதிரி இருந்துச்சு. இனிமே இந்த இடம் உன்னோடதுதான். அடுத்த வாரமும் வர்றேல்ல?"

அவள் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பதில் சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கண்டிப்பா வரேன் கேப்டன்."

அவளுடைய குரல்தான். அவள் தோளருகிலிருந்து வந்தது. கேப்டன் திருப்தியாகத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். தம்பி மட்டும் அவளுடைய மூடிய உதடுகளையே பார்த்தபடி நின்றான்.

அந்த உதடுகள் மெல்லப் பிரிந்தன. அவள் பிரிக்கவில்லை.

"கண்டிப்பா வரேன் கேப்டன்" என்றாள், கொஞ்சம் தயங்கி, கொஞ்சம் இறங்கிய குரலில், யாருமில்லாத நாற்காலிகளைப் பார்த்து.