ஒரு சிட்டிகை ரவை

மீன்கள் ரவையைத் தொடவில்லை.

கூடத்து மேஜைமேல் இருந்த கண்ணாடித் தொட்டியைப் பூமா குனிந்து பார்த்தாள். விடிந்ததும் தூவிய ரவை அப்படியே மிதந்தது. தின்னாததை உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அழுகி மீன் செத்துப்போகும் என்று கல்யாணமாகி வந்த அன்றைக்கே கணவர் கோதண்டபாணி சொல்லியிருந்தார். அவருடைய மூத்தாள் செங்கமலம் வைத்துவிட்டுப் போன சட்டம் அது. காலையில் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். பிள்ளையில்லாமல் கண்ணை மூடிய அந்தப் புண்ணியவதி மூன்று தங்கமீன்களையும் குழந்தைகள் என்றுதான் கூப்பிடுவாளாம், வேலைக்காரி சொன்னது.

ரவையைக் கரண்டியால் அள்ளும்போது எள் வாசனை மூக்கில் ஏறியது. பூமா கரண்டியைத் தள்ளிப் பிடித்தாள்.

முந்தாநாள் செங்கமலத்தின் தெவசம். ஐப்பசி மழை, வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. பிண்டத்தைப் பால்காரன் மாட்டுக்குக் கொடு, மாடு வராவிட்டால் சித்திரக்குளத்தில் கரைக்கச் சொல் என்றுவிட்டுக் கோதண்டபாணி அசதியில் படுத்துவிட்டார். மாடும் வரவில்லை, வேலைக்காரியும் வரவில்லை. ஐந்து மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் யார் போவது? கரைப்பதுதானே, எந்தத் தண்ணீராயிருந்தால் என்ன என்று எள்ளும் சோறுமாய்ப் பிசைந்த பிண்டத்தைத் தொட்டியிலேயே போட்டுவிட்டாள். மீன்கள் பாய்ந்து பாய்ந்து தின்றன, ஒரு பருக்கை மிச்சமில்லை.

"பிண்டம் கரைச்சாச்சோன்னோ?" என்று எழுந்து வந்தவர் கேட்டார்.

"ஆச்சு" என்றாள். பொய்யில்லையே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

அத்தனை சோறு விழுந்த தண்ணீர் இந்நேரம் நாறியிருக்க வேண்டும். பளிங்காக இருந்தது. அதற்குள் மூன்று மீன்களும் வரிசையாக, வாலை மட்டும் அசைத்துக்கொண்டு, அவளையே பார்த்து நின்றன. முகத்தை அல்ல, வயிற்றை. அவள் ஜன்னல் பக்கம் போனால் அந்தப் பக்கம் திரும்பின, சமையலறைக்குப் போனால் அந்தப் பக்கம். பயந்துபோய் ஒரு துண்டை எடுத்துத் தொட்டியை மூடினாள். துண்டுக்கு உள்ளேயிருந்து கண்ணாடியை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம், மழை விட்டும் விடாமல் பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுரண்டலுக்கும் வயிற்றுக்குள் எதுவோ சுண்டி இழுத்தது. என் குழந்தையைத் தொடாதேடி அம்மா, நான் செய்தது தப்புதான் என்று வாய்விட்டே அழுதாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி குளத்துப் பக்கம் போகக் கூடாது என்பார்கள். போனாள். தொட்டியைப் பித்தளைக் குடத்தில் கவிழ்த்து, குடத்தைப் புடவைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு, வழுக்குகிற படிகளில் இறங்கிச் சித்திரக்குளத்தில் சாய்த்தாள். தண்ணீர் விழுந்தது. தண்ணீர் மட்டும். குடத்துக்குள் கையை விட்டுத் துழாவினாள், ஒன்றும் இல்லை. மங்கலில் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

வீடு அமைதியாக இருந்தது. சுரண்டல் இல்லை. வெறும் தொட்டி. அப்பாடா என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டிராமிலிருந்து இறங்கி நனைந்து வந்த கோதண்டபாணி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தொட்டியைப் பார்த்தார்.

"கொழந்தைகள் எங்கே?"

அந்த வார்த்தையை அவர் வாயில் அவள் கேட்டதே இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எள் வாசனை.

அப்போதுதான் தன் வலது கையைப் பார்த்தாள். விரல் நுனியில் ஒரு சிட்டிகை ரவை. எப்போது எடுத்தாள்?

கையை வலப்பக்கம் உதறப் போனாள். வயிறு அந்தப் பக்கம் திரும்பியது.

இடது பக்கம் கொண்டுபோனாள். திரும்பியது.

ஈரப் புடவை வயிற்றோடு ஒட்டியிருந்தது. அதற்கு அடியில், தோலில், வரிசையாக மூன்று இடங்களில், சின்னதாக, வட்டமாக, திறந்து மூடின. திறந்து மூடின.