உறிஞ்சும் சத்தம்

பம்பு எதையோ சப்பிக்கொண்டிருந்தது.

பல் மருத்துவமனைக்கு அன்று விடுமுறை. வரவேற்பறையில் நிற்கும் பவளத் தொட்டியைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பராமரித்து வருபவர் மட்டும் பிற்பகலில் வந்து கதவைத் திறந்திருந்தார். மருத்துவர் அவரைத் ‘தொட்டிக்காரரே’ என்றுதான் அழைப்பார். மேலேயிருந்து வழியும் கடல்நீர் மரப்பெட்டிக்குள் மறைந்திருக்கும் கீழ்த்தொட்டியில் இறங்கும். பம்பு அதை மீண்டும் மேலே ஏற்றும். நலமாக இருக்கும் பம்பின் ஓசை, அடுத்த அறையில் உறங்குபவரின் மூச்சைப் போல, உற்றுக் கேட்டால்தான் கேட்கும். இன்றோ, பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சி நாரை யாரோ நாக்கால் இழுத்து இழுத்துச் சப்புவது போன்ற ஈரமான ஓசை, ஆளில்லாத நாற்காலிகளுக்கிடையே வந்து வந்து போயிற்று.

அவருடைய நாக்கு தானாகவே வலப்பக்கக் கீழ்த்தாடைக்குச் சென்றது. அங்கே ஒரு குழி இருந்தது. நான்கு நாட்களுக்கு முன்புதான் மருத்துவர் அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்.

“எதையும் உறிஞ்சக் கூடாது தொட்டிக்காரரே, ஸ்ட்ரா போட்டு ஜூஸ்கூடக் கூடாது. உங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு. உப்புத் தண்ணியில வாய் கொப்பளிச்சா போதும்” என்று எச்சரித்த மருத்துவர், இடுக்கியில் தொங்கிய பல்லை உயர்த்திக் காட்டிச் சிரித்தார். “பவளத்துக்குச் சுண்ணாம்புச் சத்து பத்தலன்னு புலம்புவீங்களே, இதைப் போட்டுடவா?”

வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் அவரால் தலையை மட்டுமே ஆட்ட முடிந்தது. சிரிக்கும் நிலையிலும் அவர் இல்லை. இதே போன்ற ஒரு புண்ணை அலட்சியம் செய்த அவருடைய அண்ணன், தாடையில் பாதியை இழந்து, இன்று கஞ்சியைக்கூடக் குழாய் வழியாகவே குடிக்கிறார்.

அவர் முறைப்படியே வேலையைத் தொடங்கினார். மின்இணைப்பில் பழுதில்லை. நீர்மட்டம் குறையவில்லை. காற்று புகுந்த அடையாளமும் இல்லை. மரப்பெட்டியின் கதவைத் திறந்தபோது எழுந்த வாடை, அழுகிய முட்டையும் வாரக்கணக்கில் ஊறிய துணியும் காய்ச்சல்காரரின் விடிகாலை வாய்நாற்றமும் கலந்த வெதுவெதுப்பான வாடை, அவருடைய தொண்டைக்குழியில் எண்ணெயைப் போலப் படிந்தது. பம்பைச் சுற்றிலும் கரும்பழுப்புச் சேறு கூழாக மண்டியிருந்தது. அதை வெளியேற்றாமல் பம்பைத் தூக்க இயலாது.

மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய குழாயை எடுத்தார். ஒரு முனையைச் சேற்றில் ஆழ்த்தினார். மறுமுனையை வாயில் வைத்து, கன்னங்கள் ஒட்ட, ஓர் இழுப்பு இழுத்தார்.

பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். கை அவரைக் கேட்கவில்லை.

நினைவு வந்தபோது வாய் நிறைந்துவிட்டது. உப்பு, அதன் பின்னால் அழுகல், அதன் நடுவே சளியைப் போல வழுவழுப்பான ஒரு சிறு கட்டி, நாக்கின் மேல் புரண்டு, வலப்பக்கம் நகர்ந்தது. அவர் பாய்ந்து சென்று கழுவுதொட்டியில் துப்பினார். மீண்டும் துப்பினார். எச்சில் வற்றும்வரை துப்பினார். வெள்ளைப் பீங்கானில் பழுப்பு நீர் ஓடியது. கட்டி மட்டும் வரவே இல்லை.

“உப்புத் தண்ணிதானே, டாக்டரம்மாவே கொப்பளிக்கச் சொன்னாங்களே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பம்பைத் தூக்கி வாளிக்குள் வைத்துத் திருகிப் பிரித்தார். சுழலும் விசிறிக்கும் சுவருக்கும் இடையே ஏதோ வெண்மையாகச் சிக்கியிருந்தது. விரலால் நெம்பினார்.

ஒரு கடைவாய்ப் பல். அதன் இரு வேர்களையும் சுற்றி, செம்மஞ்சள் நிறத்தில், பிதுங்கிய ஈறு போன்ற சதை மொய்த்திருந்தது.

மாடியில் குடியிருக்கும் மருத்துவரைக் கைப்பேசியில் அழைத்தார்.

“டாக்டரம்மா, என் பல்லை நெஜமாவே தொட்டியில போட்டீங்களா?”

“அடடா, கண்டுபுடிச்சிட்டீங்களா! சும்மா விளையாட்டுக்குத்தாங்க. நம்ம வாயாடிங்க நடுவுல வெச்சேன். நாலு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க, விடவே இல்ல.”

வாயாடிகள் என்பது தொட்டியின் இருண்ட மூலையில் வாழும் ஒருவகைச் செம்மஞ்சள் பவளத்துக்கு மருத்துவர் வைத்த செல்லப்பெயர். வெளிச்சத்தில் அவை சுருங்கி வெறும் சதைக் குமிழாகும். இருட்டினால் மலர்ந்து வாய் திறக்கும். தொட்டதை விடாது.

“அது கீழ பம்புக்குள்ள கெடக்கு.”

“அதெப்படி? நடுவுல வலை இருக்கே?”

மேல்தொட்டியில் நீர் வழியும் துளையை மூடிய வலை கிழியாமல் அப்படியேதான் இருந்தது. மூலையில் வாயாடிகள் ஒட்டியிருந்த பாறை மொட்டையாக நின்றது.

“நீங்க கொஞ்சம் கீழ வாங்கம்மா. குழாயை வாயால உறிஞ்சிட்டேன்.”

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இதோ வர்றேன்.”

மருத்துவர் வருவதற்குள், பிரித்த பாகங்களைச் சுத்தம் செய்ய வாளியில் வினிகரை ஊற்றினார். பல்லின் மேலிருந்த சதை அதில் கரைந்து நுரைத்தது. ஆனால் அந்த வாடை குறையவில்லை. மூச்சை வெளியே விடும்போதுதான் அது வந்தது.

மருத்துவர் அவரைச் சாய்நாற்காலியில் படுக்க வைத்து, தலைக்கு மேலிருந்த விளக்கை வாய்க்குள் திருப்பினார்.

“அட! நல்லா ஆறிடுச்சே. சதை வளந்து மூடிக்கிச்சு. நாலு நாள்ல இப்படி ஆறி நான் பாத்ததே இல்ல. வலிக்குதா?”

“இல்லீங்க.” உண்மையில் அங்கே எந்த உணர்ச்சியும் இல்லை.

“அப்புறம் எதுக்கு ஊரைக் கூட்டினீங்க? இந்தாங்க, நீங்களே பாத்துக்குங்க. மாத்திரை எடுத்துட்டு வர்றேன்.”

கைக்கண்ணாடியை அவரிடம் கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டு, மருத்துவர் வரவேற்பறைக்குச் சென்றார். அறையில் மங்கிய மாலை வெளிச்சமே மிஞ்சியது.

சிறிது நேரம் கழித்து அங்கிருந்து குரல் வந்தது.

“தொட்டிக்காரரே, பம்பை அதுக்குள்ள மாட்டிட்டீங்களா? மறுபடியும் சப்புற சத்தம் கேக்குதே!”

பம்பு வாளியில் கிடந்தது. மூன்று துண்டுகளாக.

சத்தம் அவருக்கும் கேட்டது. மிக அருகில். காதுக்குச் சற்றுக் கீழே.

கண்ணாடியை உயர்த்தினார். வாயைத் திறந்தார்.

கடைவாயில் இருந்த சதைக் குமிழ் மெல்லப் பிளந்தது. செம்மஞ்சள் விரல்கள் வட்டமாக விரிந்தன. நடுவே ஒரு வாய். அது பக்கத்துப் பல்லைப் பற்றிச் சப்பியது. பல் ஆடியது.

அவர் கத்த முயன்றார். நாக்கு பின்னுக்குப் புரண்டது. அதன் ஓரம் விரல்களில் பட்டது.

அது விடவில்லை.