பாதி வடை

சாந்தாமணி கருவாடு பிசைந்து வைத்த சோற்றில் ஓர் எறும்புகூட ஏறவில்லை. மூன்று நாளாக அப்படித்தான். இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு மெர்சி வைத்த தட்டோ நக்கித் துடைத்ததுபோல் பளபளத்தது. வெறும் பால்சோறு. அதுவும் தண்ணீர் ஊற்றிய பாலாகத்தான் இருக்கும்.

சாந்தாமணியின் நாய் சீனி செத்துப் பதினாறு நாளாகிறது. பெருச்சாளிக்கென்று வடைக்குள் எலிமருந்தைத் திணித்து மதில்மேல் வைத்த மெர்சி, போன் வந்ததும் உள்ளே போனவள், பேச்சு சுவாரஸ்யத்தில் அதை மறந்தே போனாள்; சீனி அதைக் கவ்விக்கொண்டது. முருங்கை மரத்தடியில் சாந்தாமணியின் கணவர் தம்பிதுரைதான் குழி வெட்டினார். மெர்சி அழுத அழுகையில் தெருவே அவளுக்குத்தான் ஆறுதல் சொன்னது. நாயைப் பறிகொடுத்தவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஏ அம்மணி, கொன்னதும் நீ, விருந்து வெக்கறதும் நீயா?”

“தெரியாம செஞ்சுபோட்டனுங்க்கா. மனசு கேக்காமத்தான் ஒரு வாய் சோறு வெச்சனுங்க.” மெர்சிக்குக் கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. “நடக்கற சத்தம் கேக்குதுங்க்கா. டக்கு, டக்கு, டக்குன்னு மூணு. அப்பறம் ஒரு இழுப்பு.”

சீனிக்குப் பின்னங்கால் ஒன்று ஊனம்.

“இனிமே தட்டு வெக்காதே. அது எங்க ஊட்டு நாய்.”

“போன வாரம் ஒரு நாள் வெக்காம இருந்து பாத்தனுங்க. கதவைப் பிறாண்டுதுங்க. நீங்களே கூப்புட்டுக்குங்க்கா, புண்ணியமாப் போகும்.”

வேறு யாராயிருந்தாலும் பயந்திருப்பார்கள். சாந்தாமணிக்கு வயிறுதான் எரிந்தது. கண்கூடத் திறக்காத குட்டிக்குப் பஞ்சு நனைத்துப் பால் ஊட்டியது அவள். கால் நசுங்கியபோது உக்கடம் மாட்டாஸ்பத்திரி வரை ஆட்டோவில் மடியில் வைத்துப் போனது அவள். உயிரோடிருந்தபோது மத்தியானத் தூக்கம் மெர்சி வீட்டுப் படியில், செத்தும் அங்கேயேதானா? உசத்திச் சரக்கை இவள் விரித்து வைக்க, வாடிக்கை எதிர்க்கடைக்குப் போகிறது.

சீனிக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் எதைப் போட்டாலும் இரண்டாகக் கடித்து, ஒரு பாதியைக் கவ்விவந்து சாந்தாமணியின் காலடியில் வைக்கும். அவள் மெல்லுவதுபோல் வாயை ஆட்டிக் காட்டும்வரை வாலால் தரையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிறகுதான் தன் பங்கைத் தொடும். செத்த அன்றும் பாதி வடை வந்தது. மெர்சி வீட்டு வடை என்று வாசனையிலேயே தெரிந்தது. சாந்தாமணி வாயை ஆட்டவில்லை. காலால் எற்றிவிட்டாள்.

“அங்கயே போய்த் தின்னு.”

இரண்டு பாதியையும் அதுவே தின்றது. இதை அவள் தம்பிதுரையிடம்கூடச் சொல்லவில்லை.

புதன்கிழமை, மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்தடை. காலை ஒன்பதிலிருந்து நாலு மணிவரை கரண்ட் இல்லை. கணபதி ஏரியா முழுக்க லேத்துப் பட்டறைகள் வாயடைத்துக் கிடந்தன. தம்பிதுரை கிரைண்டர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் போயிருந்தார். மெர்சி வேலைக்குப் போயிருந்தாள். கரண்ட் போகுமுன்பே ஆட்டி வைத்திருந்த உளுந்து மாவில் சாந்தாமணி வடை சுட்டாள். மிளகு தூக்கலாக, மெர்சியுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக. பின்வாசல் படியில் கிண்ணத்தை வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்து, அடுப்படி இருட்டில் முக்காலியில் உட்கார்ந்தாள். எண்ணெய் வாசனைக்கு அடியில் மெல்ல மெல்ல வேறொரு வாசனை ஏறியது. மழைக்குப் பின் முருங்கை மரத்தடியைக் கிளறினால் வருமே, அந்த ஈரமண் வாசனை. மழை பெய்து ஒரு மாதமாகிறது.

மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

டக்கு. டக்கு. டக்கு. சர்ர்.

நின்றது. மோப்பம் பிடிக்கும் மூச்சு. பிறகு மதிலின் இந்தப் பக்கம். படியில். கிண்ணம் தரையில் நகர்ந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் பாதி; பாக்கி, ஜெயித்த சந்தோஷம்.

“வா கண்ணு,” என்றாள். “உள்ள வா.”

கதவு திறந்தது. வெளியே வெயில் இருந்தது. வெயிலில் எதுவும் இல்லை. நகங்கள் மட்டும் சிமெண்டுத் தரையில் வந்தன. அவள் முன்னால் நின்றன. காலில் குளிர்ந்த மூச்சு. எதுவோ ஈரமாகப் பாதத்தின்மேல் விழுந்தது.

பாதி வடை.

அவள் சுட்டதல்ல. ஓரமெல்லாம் மண். நடுவில் கறுப்பாக ஏதோ பிசுபிசுத்தது. பல் பட்ட இடம் இன்னும் ஈரம்.

தப். தப். வால் தரையைத் தட்டியது.

சாந்தாமணி வாயை ஆட்டினாள். வெறும் வாயை. மென்றாள், விழுங்கினாள்.

தப். தப். குளிர்ந்த மூக்கொன்று வடையை அவள் கால்விரல்வரை தள்ளியது.

இந்தத் தடவை நடிப்பு செல்லாது.

“வேண்டாங் கண்ணு,” என்றாள்.

வால் நின்றது. நகங்கள் திரும்பின. டக்கு. டக்கு. மதிலைப் பார்த்து. மெர்சியின் படியைப் பார்த்து.

“இரு,” என்றாள் சாந்தாமணி. “போகாதே.”

குனிந்து எடுத்தாள். மண்ணைக்கூடத் தட்டவில்லை. வாய்க்கருகே கொண்டுபோனாள்.

தப். தப். தப்.